டீமேக்கர் குவாட்டஸில் குடியேறிய ராடர்

ஆனைப்பாறைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், கடைசிக் காம்பரா அம்மாக்கண்ணுவுடையது. கடைசி என்பது ரோட்டிலிருந்து எண்ணினால். கற்குவாரியிலிருந்து எண்ணினால் அதுதான் முதலாவது. றொசல்லையிலிருந்து வட்டவளைக்கு இறங்கும் ரயிலில் வருகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பச்சை மலையைப் படம் பிடித்துக்கொண்டே வருவார்கள். அந்தப் பச்சைக்கு நடுவே, மலையை யாரோ கடித்துத் துப்பிய மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பள்ளம் தெரியும். அப்போது மட்டும் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். அதுதான் குவாரி. மலையைத் தட்டுத் தட்டாக வெட்டி, மத்தியானம் வெடி வைத்து, கல்லை லொறியில் ஏற்றி நாடு முழுவதும் ரோட்டுப் போட அனுப்புகிறார்கள். லயத்துக்குப் போகிற ரோட்டை மட்டும் இன்னும் போட்டபாடில்லை.

போன மழைக்கு அம்மாக்கண்ணுவின் தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு தேங்காய் அளவில் ஒரு கல் உள்ளே வந்தது. அரிசி மூட்டையின் மேல் விழுந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மூட்டை இருந்த மூலையில்தான் இப்போது அவள் மகள் நிஷாந்தி பாய் போட்டுப் படுக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளை. மருமகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மழை தொடங்குகிற நேரமும் பிள்ளை பிறக்கிற நேரமும் ஒன்றாக வரும்போல் இருந்தது. அம்மாக்கண்ணுவுக்குத் தூக்கம் போய்விட்டது.

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளத்துக்கு எதிர்மேட்டில், பழைய தேயிலை பெக்டரிக்குப் பக்கத்தில், பெக்டரி அதிகாரி குடியிருந்த டீமேக்கர் குவாட்டஸ் என்று ஒரு கல் வீடு இருந்தது. பெக்டரியை மூடியதிலிருந்து அது சும்மா பூட்டிக் கிடந்தது. அதில் ஒரு அறை, மழை முடியும்வரை. அதைக் கேட்கத்தான் தோட்டத்துத் துரையின் ஒபீஸ் வாசலில் போய் நின்றாள்.

“அது ஸ்டாப் குவாட்டஸ், அம்மாக்கண்ணு. ஒபீஸ் ஆளுங்களுக்கு. நீ லேபர்” என்றார் துரை. அவர் கெட்டவர் இல்லை. ஒரு வாரம் யோசித்து அதே பதிலையே சொன்னார். பிறகு, “ஒன் வீடு ஆபத்துல இருக்குன்னு அதுக்குண்டான ஆளுங்க வந்து சொல்லட்டும், பாக்கலாம்” என்று ஒரு வழியும் காட்டினார்.

அதுக்குண்டான ஆட்கள் நுவரெலியாவில் இருந்தார்கள். பாறைச் சரிவு அவதானிப்பு அதிகாரசபை என்பது அவர்களுடைய பெயர். கொஞ்ச நாளில் வெள்ளை ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தலையில் ஹெல்மட், காலில் முழங்கால் வரை பூட்ஸ். அவர்களுக்கு மேலதிகாரி குகநேசன் என்ற யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர். மரியாதையான மனிதர். குவாரியின் உச்சிவரை ஏறி, அங்கே பாறையில் ஓடியிருந்த வெடிப்பைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கிவந்தார்.

“அம்மா, மலை சும்மா திடீரெண்டு விழாது. முதலிலை மெல்ல மெல்ல அசையும். உச்சியிலை வெடிப்புக் காட்டும். மழைத்தண்ணி அதுக்குள்ளை இறங்கித் தள்ளும், வெடி வைக்கிற அதிர்வும் சேரும். பிறகு அசைவு வரவர வேகமாகும். அந்த வேகத்தை அளந்தால், விழுற நேரத்தை முன்கூட்டியே சொல்லிப்போடலாம்.”

“அப்ப இது விழுமுங்களா சார்?”

“விழும்.” அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. “கட்டாயம் விழும். அருமையான சரிவு. இப்பிடி ஒண்டு இலங்கையிலை வேறெங்கையும் கிடையாது.”

அம்மாக்கண்ணுவுக்கு ஒரே நிம்மதி. பெரிய படிப்புப் படித்தவரே சொல்லிவிட்டார், இனி துரை சாவியைக் கொடுக்காமல் இருக்க முடியாது. குகநேசன் அதற்குள் வேறொரு யோசனையில் இருந்தார். “இதை அவதானிக்க எங்களுக்கு ஒரு இடம் வேணும். நிலம் உறுதியா இருக்கவேணும், விழுற கல்லு எட்டக்கூடாது. மழை ஒழுகாத கூரை, கரண்ட், ஒரு கக்கூசு. சரிவுக்கு நேரெதிரே இருந்தால் இன்னும் நல்லது.”

“அப்புடி ஒரு எடம் இருக்குதுங்களே சார்!” என்று அம்மாக்கண்ணு துள்ளிக்கொண்டு கையை நீட்டினாள். “அந்தா, அந்த மேட்டுல, டீமேக்கர் குவாட்டஸு. அதத்தான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

குகநேசன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அற்புதம்” என்றார். அவளுக்கு நன்றியும் சொன்னார். தன் வாயாலேயே தான் கெட்டது அவளுக்கு அப்போது புரியவில்லை. அடுத்த வாரம் குவாட்டஸுக்கு வெள்ளையடித்து, ஓடு மாற்றி, புதுப் பூட்டுப் போட்டபோதுதான் புரிந்தது. அங்கே குடிவந்தது ஒரு ராடர். முக்காலியின் மேல் ஒரு பெரிய வட்டில். அதற்கு ஒரு அறை, அதைப் பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டருக்கு ஒரு அறை, இரண்டையும் பார்த்துக்கொள்கிற காவல்காரனுக்கு ஒரு அறை. ராடருக்குக் குளிர் ஆகாது என்று ஹீட்டர் வேறு வைத்தார்கள்.

ராடர் வரும்வரை சும்மா இருக்கக்கூடாது என்று குகநேசன் ஒரு காரியம் செய்திருந்தார். உச்சி வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, வெடிப்பு அகன்று கம்பி அறுந்தால் கீழே ஒரு சைரன் தானாக ஊதும்படி வைத்தார். மலிவான ஏற்பாடு, கூலியோடு சேர்த்தும் பெரிய செலவில்லை. ராடர் வந்ததும் அதைக் கழற்றவேண்டும் என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். யார் கழற்றுவது என்று இன்னொரு கூட்டத்தில் முடிவெடுக்க இருந்தார்கள்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. குத்துவிளக்கு, பிக்குகளின் பிரித் ஓதல், பூசை, மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை. தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையில் கொடியைக் கொடுத்தார்கள். அதிகாரசபைத் தலைவர் கொழும்பிலிருந்து வந்து சிங்களத்தில் பேச, குகநேசன் அதை மேடைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

“இதுவரை காலமும் இந்தப் பாறை யாருக்கும் தெரியாமல் அசைந்துகொண்டிருந்தது. அதன் அடியில் வசித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அந்த அவலநிலை இன்றோடு முடிவுக்கு வருகிறது. இனிமேல் இது ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலும் மூன்றே செக்கன்களில் கொழும்பில் தெரிந்துவிடும். ஆகவே கொழும்பில் உள்ளவர்கள் இனி நிம்மதியாக உறங்கலாம்.” கைதட்டல். “பாறை விழாமல் தடுக்க முடியாதா, குவாரியை நிறுத்த முடியாதா, மக்களை இடம் மாற்ற முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். அன்பானவர்களே, இவற்றையெல்லாம் செய்துவிட்டால் நாங்கள் எதை அவதானிப்பது?”

அதற்கும் கைதட்டல். அம்மாக்கண்ணுவும் தட்டினாள். எல்லாரும் தட்டும்போது சும்மா இருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்தாள். பிறகு அவளை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டு, ‘அபாயத்துக்குள்ளாகக்கூடிய சமூகத்தின் பிரதிநிதி’ என்று அறிவித்தார்கள். படம் எடுத்தபிறகு சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ராடர் வேலை செய்யத் தொடங்கியது. வேலை செய்யாத நேரங்களும் இருந்தன. குவாரியில் வெடி வைக்கும்போது வரைபடம் கோணல்மாணலாகிறது என்று அந்த நேரத்தில் அதை நிறுத்திவைத்தார்கள். கரண்ட் போனால் அது தானாகவே நின்றுவிடும். மழை பெய்தால் பள்ளத்தைப் பார்த்துத் திறந்துவைத்த ஜன்னலால் சாரல் அடித்து வட்டில் நனைந்து பழுதாகும், விலை உயர்ந்த சாமான், ஆகவே மழை தொடங்கியதும் காவல்காரன் ஓடிப்போய் அதன்மேல் ஒரு நீலப் படங்கைப் போட்டு இறுக்கிக் கட்டவேண்டும் என்பது சட்டம். வட்டவளைப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. மழையும் வெடியும் இல்லாத நல்ல வெயில் நாட்களில் ராடர் பாறையை உற்றுப் பார்த்தது. பாறை அசையவில்லை. அறிக்கையில் பூச்சியம் என்று எழுதினார்கள். வாராவாரம் பூச்சியம் வந்ததற்காக அதிகாரசபைக்கு ஒரு விருதும் கிடைத்தது.

ஒரே ஒரு தடவை ராடர் அசைவொன்றைப் பிடித்தது. நடுத்தட்டில் ஏதோ மேலும் கீழும் போகிறது என்று கொழும்பே அமளிதுமளிப்பட்டது. இரண்டு ஜீப் வந்தது. விசாரித்துப் பார்த்ததில் அது அம்மாக்கண்ணுவின் சேவல்.

“அம்மா, இந்தச் சேவலைக் கட்டிப்போட வேணும். கருவிக்கு இடைஞ்சல்.”

“சரிங்க சார். அப்ப அந்தக் குவாட்டஸ்ல எம்மகளுக்கு ஒரு மூல மட்டும்...”

“அது உயர் பாதுகாப்பு வலயம், அம்மா. ஆக்கள் நடமாடினால் தரை அதிரும், ராடர் பிழையாக் காட்டும். பிறகு உங்களுக்குத்தானே ஆபத்து?”

அவர் சொன்ன விதத்தில் அது நியாயமாகவே பட்டது. தன் பாதுகாப்புக்காகத்தான் தனக்குப் பாதுகாப்பான இடம் கிடைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே வந்து சேவலைக் கட்டிப்போட்டாள். அந்த வார அறிக்கையில் ‘அபாயம் இனங்காணப்பட்டு நீக்கப்பட்டது’ என்று வந்ததாம்.

இதற்கிடையில் சைரன் விஷயம் ஒன்று நடந்தது. அதை நட்டிருந்தது பெரட்டுக் களத்தில். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற அந்தக் களம் குவாரியின் வாய்க்கு நேர்கீழே இருந்தது. கரண்ட் கம்பம் அங்கேதான் இருந்தது என்பதால் சைரனும் அங்கேயே. முன்பெல்லாம் பெக்டரிச் சங்கு ஊதினால் ஆட்கள் பெரட்டுக்கு வருவார்கள். பெக்டரியோடு சங்கும் போய்விட்டது. துரை குகநேசனிடம் கேட்டார், உங்கள் சைரனைக் காலையில் ஒருமுறை பெரட்டுக்கு ஊதிக்கொள்ளலாமா என்று. அதிகாரசபை உடனே சம்மதித்தது. தினமும் ஊதுவதை ‘வெளியேற்ற ஒத்திகை’ என்று கணக்குக் காட்டலாமே! வேறு இடங்களில் வருஷத்துக்கு ஒரு ஒத்திகை நடத்தவே ஆட்கள் வரமாட்டேன் என்பார்கள். இங்கே தினமும் மொத்த லயமும் பத்தே நிமிஷத்தில் கூடையோடு வந்து நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். களத்தில் ‘ஒன்றுகூடும் இடம்’ என்று பச்சைப் பலகையும் நட்டார்கள்.

“சார், கல்லு விழுந்தா இங்கதானுங்களே விழும்?” என்று அம்மாக்கண்ணு ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

குகநேசன் அண்ணாந்து பாறையைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். “போர்ட் அடிச்சாச்சு, அம்மா” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “இனி மாத்துறதெண்டால் மூண்டு மொழியிலையும் மாத்தவேணும்.”

மழைக்காலம் பிறந்தது. விடாமல் பெய்தது. ராடர் படங்குக்குள் முடங்கிக் கிடந்தது. ஒருநாள் மழை மிஞ்சிப்போய், கொழுந்தெடுக்க முடியாமல் ஆட்களைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அம்மாக்கண்ணு பார்த்தால், நிஷாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“அம்மா, முடியலம்மா. இடுப்பு வலிக்குது.”

அம்மாக்கண்ணு அம்புலன்சுக்குப் போன் எடுத்துப் பார்த்தாள். ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, லயத்துக்கு வரமுடியாது என்றார்கள். அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே வாகனம் அதிகாரசபையின் ஜீப். அது டீமேக்கர் குவாட்டஸ் வாசலில் நின்றது. அங்கே வரைக்கும் மகளைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். ஆள் தேடி வெளியே ஓடினாள். சரியாக அந்த நேரத்தில் சைரன் ஊதியது.

உச்சியில் கம்பி அறுந்திருந்தது. அது யாருக்குத் தெரியும்? லயத்துக்குத் தெரிந்ததெல்லாம் சைரன் ஊதினால் பெரட்டு. “மழைக்கு அரைப் பேர் போட்டு அரைநாள் சம்பளம் தரப்போறாங்க போல, வாங்கடி” என்று பக்கத்துக் காம்பராக் காளியாயி தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பின்னாலேயே எல்லாரும் கிளம்பினார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அத்தனை காலையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். பாறை விழப்போகிறது என்ற அறிவிப்பைக் கேட்டு, மொத்த லயமும் கூடையோடு பாறைக்குக் கீழே போய் வரிசையில் நின்றது. கணக்கப்பிள்ளை மாயாண்டிக்கும் எதற்கு இந்த நேரத்தில் பெரட்டு என்று விளங்கவில்லை. ஆனாலும் குடையைப் பிடித்துக்கொண்டு வரவுப் புத்தகமான செக்ரோலை விரித்துப் பேர் கூப்பிடத் தொடங்கினார்.

அம்மாக்கண்ணு அந்தக் களத்துக்குத்தான் ஓடிவந்தாள்.

“எம்புள்ளைக்கு வலி கண்டுருச்சு. குவாட்டஸு வரைக்கும் தூக்கணும். ஆளு வேணும்!”

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியையோ பிள்ளைத்தாய்ச்சியையோ தூக்க ஆள் வேண்டும் என்று குரல் கேட்டால், கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு வந்துவிடவேண்டும். நேற்றுச் சண்டை போட்டவனாக இருந்தாலும் வரவேண்டும். காளியாயிதான் முதலில் கூடையை இறக்கினாள். ஆண்கள் கம்பளியைக் கழியில் கட்டப் போனார்கள். தோள் மாற்ற நாலு பேர், குடை பிடிக்கப் பெண்கள், வேடிக்கைக்குப் பிள்ளைகள், பிள்ளைகளைத் தேடிக்கொண்டு கிழவர்கள். களம் கண்மூடித் திறப்பதற்குள் காலியாகிவிட்டது.

“யோவ், எங்க போறீங்க? போற ஆளுக்கெல்லாம் பேரு கெடையாது!” என்று மாயாண்டி கத்தினார்.

“நீயே வச்சுக்க!” என்று கூட்டத்திலிருந்து பதில் வந்தது.

யாருமில்லாத களத்தில் யாருடைய பேரைக் கூப்பிடுவது? யார் யார் போகிறார்கள் என்று குறித்து ஒவ்வொருத்தனாக வெட்டிவிடுகிறேன் என்று திட்டிக்கொண்டே அவரும் அவர்களுக்குப் பின்னால் மேட்டில் ஏறினார்.

குவாட்டஸ் வாசலில் குகநேசன் தொப்பலாக நனைந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். “இல்லை சேர், ராடர் மூடித்தான் கிடக்குது. இது அந்தப் பழைய கம்பி. பிழையான சிக்னலாத்தான் இருக்கும். நிப்பாட்டுற சுவிட்ச் ஆருடைய பொறுப்பு எண்டு...” அப்போதுதான் கம்பளியையும் கழியையும் பின்னால் வந்த ஊரையும் பார்த்தார். ஓடிவந்து கேற்றைப் பிடித்துக்கொண்டார். “நில்லுங்கோ, நில்லுங்கோ! இது உயர் பாதுகாப்பு வலயம். இத்தனை பேர் வந்தால் தரை அதிரும்!”

தரை அதிர்ந்தது.

பாதை மேட்டைச் சுற்றிக்கொண்டு கேற்றுக்கு வந்ததால் பள்ளம் அவருக்குப் பின்பக்கம் இருந்தது, அவர் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்தார்கள். உச்சித் தட்டு முன்னால் சாய்ந்து, நடுத்தட்டையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. மழைக்குள்ளேயும் புழுதி எழும்பியது. பெரட்டுக் களம் மறைந்தது. கடைசிக் காம்பராவிலிருந்து தொடங்கி லயம் முழுவதும் மறைந்தது. சைரன் பாதியில் நின்றது.

“அப்பாடா, நிண்டிட்டுது” என்றார் குகநேசன் போனில்.

மாயாண்டி செக்ரோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதார். குகநேசன் அவர் பார்த்த பக்கம் திரும்பினார். திரும்பியவர் கேற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதற்காக மட்டும் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவைக்கலாம்.

ஜீப்புக்கும் வழியில்லை, ரோட்டு அடைபட்டுப்போயிற்று. நிஷாந்திக்கு ராடர் அறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தது. காளியாயிதான் பார்த்தாள். அம்மாக்கண்ணு பேத்தியைக் கையில் வாங்கி, நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதாள். வீடு போனதற்கா, பிள்ளைகள் பிழைத்ததற்கா என்று அவளுக்கே தெரியாது.

அதிகாரசபை அறிக்கை சீக்கிரமே வந்துவிட்டது. தினசரி ஒத்திகைகளின் பயனாக மக்கள் ஒழுங்காகவும் கட்டுப்பாட்டுடனும் உயரமான இடத்துக்கு வெளியேறினர், உயிரிழப்பு இல்லை, ராடருக்குச் சிறு கீறலும் இல்லை. தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி, இந்த வெற்றியைத் தம் ஊழியர்களுக்குக் காணிக்கையாக்கினார். மழை விட்டதும் படங்கைக் கழற்றி ராடரைத் திருப்பிவிட்டார்கள். விழவேண்டியது விழுந்துவிட்டதால் சரிவு அசையவில்லை. பூச்சியம். ஆகவே லயம் இருந்த இடம் முழுப் பாதுகாப்பானது என்று சான்றிதழ் கொடுத்து, இடிபாட்டின் மேலேயே கூடாரம் அடித்தார்கள். குவாரியிலும் வெடி தொடங்கியது. மற்றக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கூடாரத்துக்கு இறங்கிப் போயின. போகாவிட்டால் நிவாரண அரிசி இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

அம்மாக்கண்ணு இறங்கவில்லை. மகளை உள்ளே படுக்கவைத்துவிட்டு, ராடர் அறை வாசற்படியில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். காவல்காரன் சொல்லிப் பார்த்தான். துரை வந்து, ஸ்டாப் குவாட்டஸ், லேபர் என்று பழைய பாட்டையே பாடிவிட்டுப் போனார். கடைசியில் குகநேசன் வந்தார். கூடவே இரண்டு பொலிஸ்காரர்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தார், பிறகு அதையும் பார்க்காமல் தூணைப் பார்த்துப் பேசினார்.

“அம்மா, எனக்கும் விருப்பமில்லை. மேலிடத்து உத்தரவு. பிள்ளை அழுற சத்தமெல்லாம் ராடரிலை விழுகுது, கொழும்பிலிருந்து திரும்பத் திரும்பக் கேக்கினம். இது குடியிருக்கிற இடமில்லை. ஆபத்தை அவதானிக்கிற இடம். உங்களுக்கு விளங்குதோ?”

“வெளங்குதுங்க சார்.”

“அப்ப எழும்புங்கோ.”

அம்மாக்கண்ணு எழும்பவில்லை. பிள்ளையின் தலைக்கு முந்தானையை இழுத்துவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஒபீசரின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“நான் அந்தக் கல்லுக்குக் கீழ இருந்தப்ப இந்தப் பெரிய ஒபீசுல யாரும் பயப்படல. இங்க வந்து உக்காந்ததுக்குத்தான் பொலிசோட வந்துருக்கீங்க. அப்ப நாந்தான் சார் ஆபத்து. ஆபத்தப் பாக்குறதுக்குத்தானே சம்பளம் வாங்குறீங்க? இந்தா உக்காந்துருக்கேன். பாருங்க.”

குகநேசன் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.